பண்ணை ஓரக் குதிரைப் பாதையைக் காப்பாற்ற வேண்டும், உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். வார இறுதியில் நானும் மகளும் குதிரையில் போகும் பாதை ஒரு விவசாயியின் வயலோரமாகச் செல்கிறது. அது பொதுப் பாதை அல்ல. அவருடைய பெருந்தன்மையில் கிடைத்தது. நினைத்தால் நாளைக்கே அடைத்துவிடலாம்.

இந்தக் குளிர்கால மழையில் வாயிற்கதவு இருக்கும் இடம் சேற்றுக்குழியாகிவிட்டது. ஒவ்வொரு குளம்புத் தடத்திலும் ஒரு கிண்ணம் தண்ணீர். போன ஞாயிறு சேறு ஒரு லாடத்தையே பிடுங்கிக்கொண்டது. அரை மணி நேரம் துழாவித்தான் எடுத்தேன். சேற்றுக்குப் பயந்து சிலர் கோதுமைப் பயிருக்குள் குதிரையை ஓட்டியிருக்கிறார்கள். விவசாயி கோபப்பட்டதில் தவறே இல்லை. நானாக இருந்தால் பூட்டே போட்டிருப்பேன்.

சேற்றை வழித்துவிட்டு, தண்ணீர் வடியும் துணி விரித்து, மேலே கல் பரப்பலாம் என்று நினைக்கிறேன். குளம்பைக் குத்தாத கல் எது? கட்டட இடிபாடு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதில் ஆணியும் கண்ணாடியும் இருக்குமே!

அவருக்கு இன்னொரு அச்சமும் உண்டு. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, மக்கள் உரிமைபோல் 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்திய வழி பொதுப் பாதையாகிவிடக்கூடும். 'உரிமையாளரின் அனுமதியால் மட்டுமே' என்று பலகை வைக்கலாம் என்றேன். அப்படி வைத்தவர்கள் வாசகத்தை அனுப்புங்களேன்.

தரை காய்ந்ததும் ஒரு சனிக்கிழமை வேலையைத் தொடங்கலாம். மண்வெட்டியோடு யார் யார் வருவீர்கள்? தேநீரும் வடையும் என் பொறுப்பு.