சலமா, சலாமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து, ஒரு மருத்துவர்:

2017 மார்ச். அந்த வருடம் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு. ஆரம்பத்திலேயே பலமாக அடிபட்ட ஊர்களில் கிண்ணியாவும் ஒன்று. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வாட்டில் கட்டிலுக்கு இரண்டு பேர், மிச்சப்பேர் பாயில்.

காலை ரவுண்டில் பதினேழு வயதுப் பையன் ஒருவன். இன்டேர்ன் டொக்டர் காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களத் தம்பி, கெட்டிக்காரன், தமிழ் மட்டும் தெரியாது. நோயாளியின் குறிப்பெழுதும் டிக்கெட்டைப் பார்த்து வாசித்தார்: காய்ச்சல் இல்லை, பிரஷர் 100/84, பிளேட்லெட் நேற்றைய அளவுதான். "நோர்மல், சேர்."

பையனின் பாதத்தைத் தொட்டேன். ஐஸ்பழம் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"காய்ச்சல் விட்டுட்டு டொக்டர், ஊட்ட போவலாமா?" என்றார் உம்மா.

"மகனுக்குச் சலம் எப்ப போனது?" சலம் என்றால் எங்கள் பக்கத்தில் சிறுநீர்.

"நேத்து அசருக்குப் பொறகு போகவே இல்ல. இந்தத் தம்பிக்கிட்ட ரெண்டு தரம் சொன்னனே!"

அசர் என்றால் பின்னேரத் தொழுகை நேரம். இன்டேர்னைப் பார்த்தேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. உம்மா "சலம், சலம்" என்றதை அவர் சலாம் என்று நினைத்திருக்கிறார். இரண்டு தரமும் நெஞ்சில் கைவைத்து, மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கினால் 24 முதல் 48 மணித்தியாலம் வரை கசியும். உடம்பு சமாளிக்கப் பார்க்கும். மேல் பிரஷர் அப்படியே நிற்க, கீழ்ப் பிரஷர் ஏறி இடைவெளி சுருங்கும். 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் அது ஷொக். இவனுக்கு 16. எல்லோரும் பிளேட்லெட்டையே கேட்டுக்கொண்டிருப்போம், ஆனால் ஷொக்கைக் காட்டிக்கொடுப்பது கையும் காலும் சலமும்தான். சேலைன் ஏற்றினோம், மணிக்கு மணி அளந்து அளந்துதான். கூடிப்போனால் கசிவு நெஞ்சுக்குள் தேங்கி மூச்சு முட்டும். ஐந்தாம் நாள் பையன் வீட்டுக்குப் போனான்.

இன்டேர்னை நான் ஏசவில்லை. எங்கள் காலத்தில் நோயாளிக்கு முன்னாலேயே ஏச்சு விழும். அதில் நான் படித்தது பெரிய டொக்டர் வரும்போது எங்கே ஒளிவது என்பதுதான். ரவுண்ட் முடிந்ததும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, அவருடைய சின்னக் கொப்பியில் சிங்கள எழுத்தில் மூன்று தமிழ்க் கேள்விகளை எழுதவைத்தேன். சலம் எப்ப போனது? எவ்வளவு போனது? வயிறு நோகுதா? அப்புறம் உம்மாவிடம் அளவு போட்ட குவளையைக் கொடுத்து, எழுதும் வேலையை அவருக்கே விட்டோம். எங்கள் சார்ட்டைவிட அவருடைய கணக்கு சுத்தமாக இருந்தது.

---

மூதூரிலிருந்து, ஓய்வுபெற்ற தாதி:

சேர், மிச்சக் கதையை விட்டுவிட்டீர்களே! அந்த வாட்டில்தான் நானும் இருந்தேன். அதுவரை எங்களுக்கு மொழிபெயர்ப்பு எல்லாம் வாட் கூட்டும் அம்மாதான். அவ லீவு என்றால் எல்லோருக்கும் கைப்பாஷை.

அந்த டொக்டர் தம்பி கொப்பியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். இரண்டு மாதத்தில் கொப்பி இல்லாமலே கேட்கத் தொடங்கிவிட்டார். இன்டேர்ன்ஷிப் முடிகிற வாரம், நோயாளி பார்க்க வந்த ஒரு வயதான ஹாஜியார் வாசலில் நின்று அவருக்கு ஸலாம் சொன்னார். தம்பி உடனே பேனையை எடுத்து, "எவ்வளவு போனது, ஐயா?" என்றார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் சேலைன் போத்தலைப் பார்த்தேன்.