தேய்ப்பதற்கு முன்னால் எங்கே திரும்புகிறது என்று பார்

குழு: டர்பன் குடும்பம்

செவ்வாய்

நான்: மாமா, வணக்கம். அண்ணன் கொடுத்த பழைய 15 பவுண்டு பௌலிங் பந்து அளவுக்கு மீறித் திரும்புகிறது. லேனில், அதாவது பந்து ஓடும் பலகைப் பாதையில், வரைந்திருக்கும் இரண்டாவது அம்பின் மேல் விட்டாலும் முன்னால் நிற்கும் ஒன்றாம் பின் கட்டைக்கு இடது பக்கமாகப் போய்விடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று பாலிஷ் செய்தால் நேராகப் போகும் என்கிறார்கள். நாளைக்கே செய்துவிடவா?

அண்ணன்: என் கையில் அது திரும்பவே இல்லையே. அதனால்தான் உன்னிடம் கொடுத்தேன்.

மாமா: உப்புத்தாளைக் கீழே வை. முதலில் ஒரு வீடியோ அனுப்பு. பந்து விடும் கோட்டுக்குப் பின்னால் நின்று எடுக்கச் சொல், பந்து லேனில் எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். அப்புறம் பந்தை வெயிலில் வைத்து நாலு பக்கமும் படம் எடு. அண்ணன் கையில் திரும்பாத பந்து உன் கையில் ஏன் திரும்புகிறது என்று தெரியாமல் தேய்க்கக் கூடாது.

அக்கா: மாமா, அவன் போன வாரம் அதை வாளியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தான். தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தது. மூன்று தடவை தண்ணீர் மாற்றினான்.

பெரியம்மா: என் பிரியாணிப் பானையில்தானே சுடவைத்தாய்?

நான்: கெட்டிலில் சுடவைத்தேன் பெரியம்மா. பானையைத் தொடவில்லை.

மாமா: அப்படிச் சொல்லு. பாதிக் காரணம் அதுதான். 1990களில் ரியாக்டிவ் ரெசின் பந்துகள் வந்ததிலிருந்தே இந்தக் கதை. அந்த மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. லேனில் பூசும் எண்ணெயை அது குடித்துக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் குடித்த பந்துக்குப் பிடிப்புப் போய்விடும், தூக்கிப் போட்டால் வழுக்கிக்கொண்டே போகும். அண்ணன் பார்த்தது அதை. நீ எண்ணெயை வெளியே எடுத்துவிட்டாய், பிடிப்புத் திரும்பி வந்துவிட்டது. பந்தைப் பற்றிச் சொன்னால் இது நல்ல சேதி. கழுவியதும் சரியான வேலைதான். 60 டிகிரிக்கு மேல் சூடு மட்டும் வேண்டாம், மேல்தோல் வெடிக்கும். கார் டிக்கியிலும் விட்டுவைக்காதே. டர்பன் வெயிலுக்கு அது அடுப்பு.

நான்: [காணொளி]
நான்: [படம்] [படம்] [படம்] [படம்]

மாமா: பார்த்துவிட்டேன். அம்புகளைத் தாண்டிய உடனே வளையத் தொடங்கிவிடுகிறது. லேன் கோட்டிலிருந்து ஒன்றாம் பின்வரை 60 அடி. வழக்கமாகப் போடும் எண்ணெய் சுமார் 40 அடி வரை இருக்கும், மீதி காய்ந்த பலகை. எண்ணெய் இருக்கும் இடத்தில் பந்து வழுக்க வேண்டும், காய்ந்த இடத்தில் திரும்ப வேண்டும். உன் பந்து எண்ணெய்க்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது. மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கிறது என்று அர்த்தம். படத்திலும் பந்து மங்கலாகத்தான் தெரிகிறது. பெரியவனே, யாராவது இதைத் தேய்த்தார்களா?

அண்ணன்: ஆமாம் மாமா. திரும்பவில்லை என்று கடையில் கொடுத்தேன். 500 எண் தாளில் தேய்த்துக் கொடுத்தார்கள். அப்புறமும் பெரிதாக மாற்றம் இல்லை.

மாமா: எண்ணெயை எடுக்காமல் மேலே தேய்த்தால் எப்படி மாறும்? சரி, இப்போது கணக்குச் சரியாகிவிட்டது. எண்ணெய் போன மேல்தோல், அதன்மேல் 500இன் கீறல். இரண்டும் சேர்ந்து பிடிக்கின்றன. புதுச் செருப்புக்கும் அடி தேய்ந்த செருப்புக்கும் ஈரத் தரையில் என்ன வித்தியாசமோ அதேதான்.

நான்: அப்படியானால் பாலிஷ்தானே மருந்து?

மாமா: அங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பாலிஷ் போட்டால் பந்து வெகுதூரம் வழுக்கும், அது உண்மை. ஆனால் வழுக்கிப் போகும்போது அதன் சுழற்சி செலவாகாமல் அப்படியே இருக்கும். காய்ந்த பலகையைத் தொட்டதும் மொத்தத்தையும் ஒரே இடத்தில் காட்டும். கடைசியில் வெட்டித் திரும்பும். மொத்த வளைவு குறையலாம், ஆனால் அந்தக் கடைசித் திருப்பம் கூர்மையாகிவிடும். ஒரு நாள் ஒன்றாம் பின்னில் நேராக மூக்கில் அடிக்கும், அடுத்த நாள் இடது பக்கம் ஓடும். உன் வயதுக் கைக்கு அது வேண்டாம். அதிலும் 500 கீறலின் மேல் நேராகப் பாலிஷ் போட்டால் மேலே மினுங்கும், அடியில் பள்ளம் அப்படியே இருக்கும். வெட்டு இன்னும் மோசமாகும்.

நேராகப் போய்க் கடைசியில் மட்டும் வெட்டுகிற பந்து உன்னுடையதாக இருந்தால் மறுவழி சொல்லியிருப்பேன். பாலிஷை எடுத்துவிட்டுக் கொஞ்சம் மங்கலாக்கச் சொல்லியிருப்பேன். அதனால்தான் வீடியோ கேட்டேன்.

அக்கா: அப்படியானால் என்னதான் செய்வது மாமா? சுருக்கமாகச் சொல்லுங்கள், அவன் வாளியோடு நிற்கிறான்.

மாமா: 1000, 2000, 3000. இந்த வரிசையில் தேய். நுரைப்பஞ்சு ஒட்டிய வட்டத் தாள் கிடைக்கும், ஆப்ரலான் என்று கேள். எண் ஏற ஏற நயம். நடுவில் ஒன்றைத் தாண்டாதே. 500 விட்ட கீறலை 1000 எடுக்கும், 1000 விட்டதை 2000 எடுக்கும். நேராக 3000க்குப் போனால் மேடு மட்டும் மினுங்கும், பள்ளம் போகாது.

சுழற்றும் இயந்திரம் இல்லையென்றால் கவலை இல்லை. பழைய துண்டைச் சும்மாடு மாதிரி சுற்றித் தரையில் வை, பந்தை அதன்மேல் உட்காரவை. தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே தேய். பந்தை ஆறு முகமாக நினைத்துக்கொள். மேல், கீழ், நாலு பக்கம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம். பந்து உருண்டு தேய்ந்த வளையம் ஒன்று தெரிகிறது பார், அதில் மட்டும் அழுத்தித் தேய்க்கத் தோன்றும். தேய்க்காதே, பந்து உருண்டையாக இருக்காது. ஒரு எண் முடிந்ததும் நன்றாகக் கழுவித் துடைத்த பிறகுதான் அடுத்தது. முதல் தாளின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் நீளமாகக் கோடு போட்டுவிடும். விரல் துளைகளை டேப் ஒட்டி மூடிவிடு.

பெரியம்மா: வெளியே குழாயடியில் உட்கார்ந்து செய். அந்தச் சேற்றுத் தண்ணீர் என் சிங்க்கில் வரக் கூடாது. கறிவேப்பிலைச் செடியிலும் ஊற்றாதே.

நான்: சரி பெரியம்மா. மாமா, அண்ணன் காருக்குப் போடும் மெழுகு இருக்கிறது. அது உதவுமா?

மாமா: வேண்டவே வேண்டாம். மேலே படலமாக ஒட்டிக்கொள்ளும், லேனிலும் இழுபடும். பந்துக்கென்று விற்கும் பாலிஷ் வேறு.

இன்னொன்று. மூன்றாவது படத்தில் ஒரு நாலாவது துளை தெரிகிறது. விரல் போடாத துளை.

அண்ணன்: அது எடை சமன் செய்யப் போட்டது மாமா. அந்தக் காலத்தில் எல்லோரும் போடுவார்கள்.

மாமா: தெரியும். ஆனால் அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசியின் விதிப்படி 2020 ஆகஸ்ட் 1 முதல் அது கூடாது. இவன் லீக்கில் எந்த விதி என்று கேட்கட்டும். அடைக்க வேண்டும் என்றால் அதை முதலில் அடைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். அடைத்த ரெசின் மேடாக நிற்கும், அதை இழைத்துச் சமமாக்கும்போது உன் 3000 எல்லாம் வீணாகிவிடும். பந்து உருளும் விதமும் கொஞ்சம் மாறும்.

நான்: லீக்கில் அதே விதிதான் மாமா. கேட்டுவிட்டேன்.

மாமா: அப்படியானால் நாளை மாலை வெருலத்தில் என் வீட்டுக்கு வா. என்னிடம் ரெசின் இருக்கிறது. ராத்திரி காயட்டும், மறுநாள் இழைக்கலாம்.

சனி

நான்: [காணொளி]
நான்: மாமா, 3000 வரை தேய்த்தாயிற்று. பாலிஷ் போடவில்லை. பாருங்கள்!

மாமா: அருமை. இப்போது லேனில் பாதிக்கு மேல் போய்த்தான் வளைகிறது, வளைவும் மெதுவாக இருக்கிறது. நான் ஆசைப்பட்டது இந்த வடிவம்தான். முகம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வந்திருக்கிறது. பொறுமையாகச் செய்திருக்கிறாய்.

நான்: இன்னும் கொஞ்சம் இடது பக்கம் போகிறது.

மாமா: அதற்குப் பந்தைத் தொடாதே, காலை நகர்த்து. இடது பக்கம் தவறினால் நிற்கும் இடத்தை இடது பக்கம் மாற்று. நடுவில் எண்ணெய் அதிகம், ஓரத்தில் குறைவு. நீ ஓரத்துக் காய்ந்த பலகையிலேயே விடுகிறாய். அதில் எந்தப் பந்தும் திரும்பும்.

அண்ணன்: வலது மூலையில் இருக்கும் பத்தாம் பின் ஒன்று மட்டும் நின்றால் என்ன செய்வான் மாமா? அதற்கு நேராகப் போக வேண்டுமே.

மாமா: அதற்கு பிளாஸ்டிக் பந்து. ரியாக்டிவ் பந்தை எவ்வளவு தேய்த்தாலும் அது பிளாஸ்டிக் ஆகாது, உள்ளே இருக்கும் கோர் என்கிற எடைக்கட்டி மாறாது. என்னிடம் பழையது ஒன்று சும்மா கிடக்கிறது, துளையை அடைத்து உன் கைக்கு அளவெடுத்துப் போட்டுத் தருகிறேன்.

அப்புறம், ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு பந்தைத் துடை. ஆட்டத்தின் நடுவில் உலர்ந்த துணி மட்டும், தாளோ திரவமோ கூடாது. வீட்டுக்கு வந்ததும் கிளீனர் போடு. 60 ஆட்டம் போல ஆனதும் மேற்பரப்பைத் திரும்பப் பார்க்கலாம். ஆட ஆட அந்த வளையம் தானாகவே வழவழப்பாகிவிடும்.

பெரியம்மா: நாளைக்கு எல்லோரும் இங்கே சாப்பிட வாருங்கள். அந்த பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு வந்துவிடு தம்பி, இவன் அங்கேயும் இங்கேயும் அலைய வேண்டாம்.

மாமா: சரி அக்கா. டேப்பும் அளவுகோலும் சேர்த்துக் கொண்டு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே கை அளவு எடுத்துவிடலாம்.