புதுப்பிப்பு: உபுண்டு 24.04-இல் திறக்க மறுத்த ஏஐ கோட் எடிட்டர் – தீர்வு கிடைத்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. உபுண்டு 24.04-இல் ஆப்இமேஜாக (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பாக) இறக்கிய ஏஐ எடிட்டரைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை என்று கேட்டிருந்தேன். இப்போது ஓடுகிறது.

டெர்மினலில் ஓட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஆப்இமேஜ் ஓடத் தேவையான லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2 என்ற லைப்ரரி இல்லை என்று பளிச்சென்று வந்தது. 24.04-இல் அந்தப் பேக்கேஜின் பெயர் லிப்ஃபியூஸ்2டி64. உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியாகப் போட்டேன். வெறும் 'ஃபியூஸ்' என்ற பேக்கேஜைப் போட்டுவிடாதீர்கள். அது புதிய பதிப்பான ஃபியூஸ்3-ஐ நீக்கி, டெஸ்க்டாப்பின் பாகங்களையும் சேர்த்துக் கழற்றிவிடலாம்.

அப்புறம் சாண்ட்பாக்ஸ் பிழை வந்தது (சாண்ட்பாக்ஸ் என்பது நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பாதுகாப்பு). ஓட்டும்போது 'நோ-சாண்ட்பாக்ஸ்' என்ற ஆப்ஷனைப் போட்டால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். திறக்கும்தான், ஆனால் எந்நேரமும் இணையத்தோடு பேசும் எடிட்டரில் இருக்கிற பாதுகாப்பை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. சாண்ட்பாக்ஸுக்கு யூசர் நேம்ஸ்பேஸ் என்ற தனி அடைப்பு தேவை. சாதாரணப் பயனரின் நிரல்கள் அதை உருவாக்குவதை 24.04, நிரல்களின் அனுமதிகளைக் கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் மூலம் கட்டுப்படுத்துகிறது. எனவே, இங்கே ஒருவர் காட்டியபடி, ஆப்இமேஜின் முழுப் பாதையைக் குறிப்பிட்டு 'யூசர்என்எஸ்' அனுமதி தரும் குட்டி புரொஃபைலை (விதிக் கோப்பை) எழுதி, ஆப்ஆர்மரை ரீலோடு செய்தேன். உடனே திறந்தது. கோப்பை இடம் மாற்றினால் புரொஃபைலிலும் பாதையை மாற்ற வேண்டும்.

எதிர்பாராத ஒன்று: விஎஸ் கோடு எடிட்டரில் வைத்திருந்த பைலான்ஸ் என்ற பைத்தான் எக்ஸ்டென்ஷன் இதில் தேடினால் வரவில்லை. இந்த எடிட்டர் எக்ஸ்டென்ஷன்களை ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற வேறொரு தளத்திலிருந்து எடுக்கிறது. பைலான்ஸ் அங்கே கிடையாது. பதிலுக்கு பேஸ்டுபைரைட் போட்டிருக்கிறேன், பைத்தானுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.