மறுமொழி: மூச்சுக்குழாய்ச் சுவரின் ‘ஊடுருவுதிறன்’

> ஊடுருவுதிறன் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. புதுச் சொல் எதற்கு?

வணக்கம் டாக்டர்,

மூச்சுக்குழாய் பற்றிய நம் துண்டறிக்கை வரைவில் permeability என்பதற்கு நான் புதுச் சொல் கேட்டதற்கு இப்படி எழுதியிருக்கிறீர்கள். சொல் இருக்கிறதுதான். ஆனால் ஊடுருவுவது வாயுவும் தூசியும். நாம் பெயர் தேடுவது சுவரின் குணத்துக்கு. சுவர் ஊடுருவாது, ஊடுருவ விடும். அதனால் ‘புகவிடுமை’ என்று முன்வைக்கிறேன். ‘உட்புகுதிறன்’ வேண்டாம், அதை இயற்பியல் புத்தகம் காந்தவியலுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

இன்னொன்று, இங்கே இருப்பது இரண்டு சுவர்கள். மூச்சுக்குழாயின் உள்பக்கத்தை மூடியிருக்கும் செல் படலமான எபிதீலியம் ஒன்று, அதற்கு அடியில் ஓடும் நுண்ணிய ரத்த நாளங்களின் சுவர் மற்றொன்று. ஓசோன் பட்டாலும் சரி, அழற்சியின்போது வெள்ளையணுக்கள் கக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டாலும் சரி, எபிதீலிய செல்களை இறுகப் பிணைத்திருக்கும் கிளாடின், ஒக்லூடின் புரதக் கட்டு தளர்கிறது. செல்களுக்கு நடுவே வழி விழுகிறது. மூச்சோடு வந்தது உள்ளே இறங்குகிறது, அடியில் இருக்கும் நரம்பு நுனிகளைச் சீண்டுகிறது. அந்த நுனிகள் சப்ஸ்டன்ஸ் பி போன்ற வேதிப்பொருட்களை வெளிவிட, நாளங்கள் விரிகின்றன, பிளாஸ்மா வெளியேறிச் சவ்வு வீங்குகிறது. ஒரு சுவரில் உள்ளே போகிறது, மறு சுவரில் வெளியே வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிற நர்சிங் மாணவி எந்தச் சுவர் என்று தேடிக்கொண்டிருப்பார். நாளச் சுவருக்குக் ‘கசியவிடுமை’ என்று வைக்கலாமா?

> ரத்தப் பெருக்கு அதிகரிக்கும்

வரைவில் உள்ள இந்த வரி கண்டிப்பாக மாற வேண்டும். தண்டையார்பேட்டையில் இந்தத் துண்டறிக்கையை வாங்குகிறவர் ரத்தம் கொட்டுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘ரத்த வரத்து’ போதும். புழல் ஏரிக்கு நீர்வரத்து என்று பேப்பரில் படித்துப் பழகிய ஊர் இது, விளக்கமே வேண்டியதில்லை. வரத்து கூடுவதைக் கெடுதல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இதயம் இறைப்பதில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் மூச்சுக்குழாய்த் தமனிகளுக்குப் போகிறது. ஆனால் உள்ளே புகுந்ததை அள்ளிக்கொண்டு போவது அந்த ரத்தம்தான். நாளம் கசியும்போது வீக்கத்துக்கு நீர் கொடுப்பதும் அதே ரத்தம்தான்.

‘ஆக்சிஜன் பாதிப்பு’ என்பதையும் நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். வீட்டில் சிலிண்டர் வைத்துப் படுத்திருக்கும் பெரியவர் அதைப் படித்துவிட்டு மாஸ்க்கைக் கழற்றிவிட்டால் என்ன செய்வது? ஓசோன், பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகள் செல்களுக்குச் செய்யும் கெடுதல்தானே இது, நீளமாக இருந்தாலும் ‘ஆக்சிஜனேற்றச் சேதம்’ என்றே இருக்கட்டும். யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘ஒட்சியேற்றம்’ நல்ல சொல், இலங்கைப் பதிப்பில் அதுவே வரட்டும்.

அப்புறம், 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நடந்த அம்மோனியா கசிவை உதாரணமாகப் போட்டிருக்கிறீர்கள். அங்கே மக்கள் பட்டது கொஞ்சமில்லை, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் ஆக்சிஜனேற்றச் சேதம் என்ற தலைப்பின் கீழ் அல்ல. அம்மோனியா மூச்சுக்குழாயின் ஈரத்தில் கரைந்து காரமாகி அரிக்கிறது, ஆக்சிஜனேற்றி அல்ல. அந்த இடத்தில் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகையைச் சொல்லலாம். அதில் உள்ள நைட்ரஜன் டைஆக்சைடு தானே ஆக்சிஜனேற்றி, வெயிலில் ஓசோன் உருவாகவும் அது காரணமாகிறது.

வரைவில் அந்த வரி இப்படி இருக்கலாம்: “ஆக்சிஜனேற்றச் சேதத்தால் எபிதீலியத்தின் புகவிடுமையும் நாளங்களின் கசியவிடுமையும் கூடும், ரத்த வரத்தும் கூடும்.” ‘கசியவிடுமை’ வாயில் நுழையவில்லை என்று யாராவது நினைத்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.