பக்கவாதத்துக்குப் பின் கை தேறுமா என்று கணிக்கும் ஸ்கேன்: உதவி தேவை

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் என் உம்மாவுக்கு (வயது 58, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு) இரண்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. உறங்கி எழும்போதே வந்திருந்ததால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட இயலவில்லை. மூளையின் உள்ளே இடப்பக்க இன்டர்னல் கேப்ஸ்யூல் என்ற நரம்பிழைக் கற்றையின் பின்பகுதி பாதிக்கப்பட்டிருப்பதாக 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது, மூளையிலிருந்து கைக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்புப் பாதை அந்தக் குறுகிய இடத்தின் வழியே இறங்குவதால், சிறிய சேதமும் கையை முடக்கிவிடுமாம்.

இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார், தோளைச் சற்றே உயர்த்துகிறார், ஆனால் கோரையைப் பிடிக்க வேண்டிய விரல்கள் மடங்கியே கிடக்கின்றன. கொட்டாவி விடும்போது மட்டும் அந்தக் கை தானாக மேலெழுகிறது. அதை வைத்து நம்பிக்கை கொள்ள வேண்டாம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட்.

பாளையங்கோட்டையில் பயிற்சி தொடர்கிறது. மதுரையில் காட்டிய நரம்பியல் மருத்துவரும் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். திருநெல்வேலியில் விசாரித்த ஸ்கேன் மையங்களில், நரம்புப் பாதையைப் படமாக்கும் டிராக்டோகிராபியைப் பக்கவாதத்துக்குச் செய்வதில்லை என்றார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ப்ரெப்-2 முறை, தோள், விரல் வலிமையையும் தலைமேல் காந்தத் துடிப்பு கொடுத்துக் கைத்தசைக்குச் செய்தி சேர்கிறதா என்று பார்க்கும் காந்தத் தூண்டல் சோதனையையும் கொண்டு கையின் மீட்சியைக் கணிக்கிறது. ஆனால் அது முதல் சில நாட்களுக்கானது, எங்களுக்கு அக்காலம் கடந்துவிட்டது.

இரண்டு மாதத்துக்குப் பிறகும் பயன்படும் வகையில் டிராக்டோகிராபியோ காந்தத் தூண்டல் சோதனையோ செய்து, முடிவை விளக்கிச் சொல்லும் மருத்துவமனை திருநெல்வேலி, மதுரை, திருவனந்தபுரம் வட்டாரத்தில் எங்கே இருக்கிறது?