பிளீடிங் என்பதற்குக் ‘காற்றெடுத்தல்’: என் முந்தைய பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களை வீட்டிலேயே பராமரிப்போருக்காக எழுதிவரும் கையேட்டின் பிரேக் இயலில் ஒரு சொல்லைக் கடக்க முடியாமல் நிற்கிறேன். பிரேக் குழாய்களுக்குள் புகுந்துவிட்ட காற்றைச் சிறிது நீர்மத்தோடு சேர்த்து, சக்கரத்தருகே உள்ள சிறு திருகின் வழியாக வெளியே தள்ளும் வேலையை ஆங்கிலத்தில் பிளீடிங் என்கிறார்கள். அதற்கு ஈடாக இதுவரை நம் கலைச்சொல் குழுவில் குருதி வடிப்பு, கசியவிடல், நீர்மம் வடித்தல், வளிநீக்கம் ஆகிய நான்கு சொற்கள் வந்துள்ளன. மூன்றாவதை முன்மொழிந்தவன் நான். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். அதற்குக் காரணம் இலக்கணம் அன்று, என் மைத்துனரின் கார்.

எழுதியதைப் படிப்பதோடு நில்லாமல் அதன்படி செய்தும் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதால், இருபது வயதைக் கடந்த கார் ஒன்றை வைத்திருக்கும் மைத்துனரிடம் வரைவைக் கொடுத்திருந்தேன். “சக்கரத்தருகே உள்ள திருகைத் தளர்த்தி நீர்மத்தை வடிக்கவும்” என்று அதில் இருந்தது. அவர் நான்கு சக்கரங்களின் திருகுகளையும் திறந்துவைத்துவிட்டு, மேலே உள்ள நீர்மக் கலம் அடியோடு வற்றும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். கலம் வற்றியதும், மிதியின் அழுத்தத்தை நீர்மத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று போய்விட்டது. புது நீர்மத்தை ஊற்றி மிதியை அழுத்தியபோது அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையில் போய் முட்டியது. ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் இருந்த வண்டியின் எல்லாக் குழாய்களிலும் காற்றை ஏற்றிவிட்டு, அதைச் சரிசெய்ய இருவரும் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை: “முந்தைய இயலில் எஞ்சின் ஆயிலை வடிக்கச் சொன்னீர்கள், கடைசிச் சொட்டு வரை வடித்தேன். இதிலும் வடிக்கத்தானே சொல்லியிருக்கிறீர்கள், அத்தான்?”

பிழை அவருடையது அன்று. ஒரே கையேட்டில், ஓரிடத்தில் முழுவதும் வெளியேற்றுவதற்கும் மற்றோரிடத்தில் கலம் ஒரு கணமும் வற்றாமல் காக்க வேண்டிய வேலைக்கும் நான் ஒரே வினையை ஆண்டிருந்தேன். இந்த வேலையில் வெளியே போக வேண்டியது காற்று. நீர்மம் அதைச் சுமந்து செல்லும் வாகனம் மட்டுமே. ஆனால் என் சொல் வாகனத்தைச் சொன்னதே தவிர, அதில் ஏறிப் போகிறவரைச் சொல்லவில்லை.

ஆங்கிலச் சொல்லுக்கும் இதே குறை உண்டு. நாளத்தைத் திறந்து குருதியை ஒழுகவிடுவது போல் கண்ணுக்குத் தெரியும் காட்சியை வைத்து அது எழுந்திருக்கிறது. நெடுங்காலப் பழக்கத்தால் அந்தக் குறை அவர்களுக்கு உறுத்துவதில்லை. பழக்கம் இல்லாத நாம் அந்தக் காட்சியை மட்டும் பெயர்த்துக்கொண்டால் மிஞ்சுவது காட்சிதான். ‘குருதி வடிப்பு’ என்று பரிந்துரைத்த அம்மையார், சித்த மருத்துவத்தில் குருதி வாங்கல் என்ற வழக்கு இருப்பதை எடுத்துக்காட்டியிருந்தார்கள். அழகான ஒப்புமைதான். ஆனால் அங்கே வெளியேற வேண்டியது குருதியே. இங்கே நீர்மம் குற்றவாளி அன்று. ‘கசியவிடல்’ பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை: அதே இயலில் “நீர்மக் கசிவு இருந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்” என்று எச்சரித்துவிட்டு, இரண்டு பக்கம் தள்ளிக் கசியவிடச் சொல்ல முடியாது.

வளிநீக்கம் பொருளில் பிழையற்றது. அகராதியில் அதற்கு இடம் தரலாம். என் தயக்கம் அதன் நடையைப் பற்றியது. அது பெயர்ச்சொல்லாகவே நின்றுவிடுகிறது; வினையாக்க ஒவ்வொரு முறையும் ‘செய்’ என்பதைத் துணைக்கு அழைக்க வேண்டும். வளிநீக்கம் செய்யவும், வளிநீக்கம் செய்தபின், வளிநீக்கம் செய்யப்படாத குழாய் என்று ஒரு பக்கத்தில் பத்து முறை வந்தால், வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு அழுக்குக் கையோடு பக்கம் புரட்டுகிறவர் அந்தச் சொல்லைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

என் புதிய பரிந்துரை ‘காற்றெடுத்தல்’. இதை நான் படைத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. தமிழ் பேசும் மெக்கானிக்குகள் “பிரேக்ல ஏர் புடிச்சிருக்கு, ஏர் எடுக்கணும்” என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலப் பெயரை ஒதுக்கிவிட்டு, செய்கிற வேலையைப் பார்த்து அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியது ஏர் என்பதைக் காற்று என்று ஆக்குவது மட்டுமே.

‘எடு’ என்பது உள்ளே வாங்குவதையும் குறிக்குமே, மூச்செடுத்தல் போல, என்று ஐயா ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். குறிக்கும். ஆனால் வேண்டாத பொருளை முன்னே வைத்து ‘எடு’ என்றால் தமிழில் பெரும்பாலும் நீக்கல் பொருளே வருகிறது: களையெடுத்தல், பேனெடுத்தல், முள்ளெடுத்தல், சிக்கெடுத்தல். அதிலும் களையெடுத்தல் நமக்கு மிகவும் நெருங்கிய உறவு. களையைப் பிடுங்கும்போது பயிர் நிலத்திலேயே நிற்க வேண்டும் என்பதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றெடுத்தல் என்று எழுதியிருந்தால் என் மைத்துனர் கலத்தை வற்றவிட்டிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

டயரிலிருந்து காற்றை விடுவதோடு குழம்பாதா என்ற கேள்வி இன்னும் வலுவானது. டயருக்குக் காற்றடித்தல், காற்றிறக்குதல், காற்றைப் பிடுங்கிவிடுதல் என்று வேறு வினைகள் நிலைபெற்றிருப்பதாலும், கையேட்டில் ‘பிரேக் காற்றெடுத்தல்’, ‘கிளட்ச் காற்றெடுத்தல்’ என்று உறுப்பின் பெயர் முன்னால் வருவதாலும், நடைமுறையில் குழப்பம் எழாது என்பது என் கணிப்பு. டீசல் வண்டியில் எரிபொருள் தீர்ந்து நின்றபின் வடிகட்டியின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்துக் குமிழிகளை அகற்றுவதற்கும், குளிர்நீர்ச் சுற்றில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கும் இதே சொல் மாற்றமின்றிப் பொருந்துகிறது. (விமான எஞ்சினின் அமுக்கியிலிருந்து பயன்பாட்டுக்காகக் காற்றை எடுத்துக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் பிளீட் என்ற சொல்லே வருகிறது. அங்கே காற்று வேண்டாத பொருள் அன்று, வேண்டிய பொருள். அதற்கு வேறு சொல் தேட வேண்டும்.)

நுட்பமான எதிர்ப்பு ஒன்றும் வந்தது: குழாயில் உருவாவது எப்போதும் காற்றா, நீராவியாகவும் இருக்கலாமே என்பது. கிளைகால் வகை பிரேக் நீர்மம் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்னும் தரவகையைச் சேர்ந்த புதிய நீர்மத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு இருக்க வேண்டும் என்பது தரவிதி, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அந்த வரம்பு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. டாட் 3 வகைக்கு இவ்வெண்கள் 205, 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் பழைய நீர்மம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றி, மிதி திடீரென்று உள்ளே போவது உண்மைதான். ஆனால் பிரேக் ஆறியதும் ஆவி மீண்டும் நீர்மமாகிவிடும். வண்டி ஆறியிருக்கும்போதும் மிதி மெத்தென்று அமுங்கினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றே. ஆவிக்கு மருந்து பழைய நீர்மத்தை மாற்றுவது. எனவே அதை ‘நீர்ம மாற்றம்’ என்று தனியாகவும், இதைக் காற்றெடுத்தல் என்று தனியாகவும் வைப்பதே நல்லது. இரண்டும் ஒரே திருகின் வழியாக நடப்பதால் ஆங்கிலத்திலேயே பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பணிமனை வழக்கை எல்லா இடத்திலும் ஏற்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இந்த நீர்மத்தையே எல்லோரும் ‘பிரேக் ஆயில்’ என்கிறார்கள். அது எண்ணெய் அன்று. அந்தப் பெயரை நம்பி யாராவது கனிம எண்ணெயை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் அடைப்புகள் ஊதிக் கெட்டுப்போகும். ஆகவே அங்கே வழக்கை விட்டு ‘பிரேக் நீர்மம்’ என்றே எழுதுகிறேன். பிரேக் என்ற சொல்லை நிறுத்தி என்றோ தடுப்பி என்றோ மாற்றும் விவாதத்தை வேறொரு நாளைக்கு ஒத்திவைக்கலாம்.

ஒரு சொல் தேறுமா என்பது பட்டியலில் தெரிவதில்லை, வாக்கியத்துக்குள் நடக்கவிட்டால்தான் தெரிகிறது. திருத்திய வரைவிலிருந்து ஒரு பகுதியைத் தருகிறேன்:

“காற்றெடுக்கத் தொடங்குமுன் நீர்மக் கலத்தை மேல்கோடு வரை நிரப்பவும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்க்கவும். பல பழைய கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரமே முதல் என்றாலும், குழாய்கள் மூலைவிட்டமாகப் பிரிந்த வண்டிகளில் வரிசை மாறலாம். காற்றெடுப்புத் திருகில் ஒளிபுகும் குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது நீர்மம் உள்ள புட்டியில் அமிழ்த்தவும். உதவியாளர் மிதியை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டதும் திருகைக் கால் சுற்றுத் திறக்கவும். குமிழியும் நீர்மமும் வந்தபின் திருகை மூடவும். மூடிய பின்னரே அவர் காலை எடுக்க வேண்டும். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை கலத்தைப் பார்த்து நிரப்பவும். கலம் வற்றினால் எடுத்த காற்றைவிட அதிகமாக உள்ளே போகும். பழைய வண்டியில் மிதியைத் தரைவரை அழுத்த வேண்டாம். வழக்கமாகப் போகாத தொலைவில் சிலிண்டரின் உட்சுவர் துருவேறியிருந்தால் அடைப்பு கிழியும். மிதிக்கடியில் ஒரு மரக்கட்டையை வைப்பது எளிய காப்பு. சிந்திய நீர்மம் பெயிண்டை அரிக்கும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவும்.”

காற்றெடுக்க, காற்றெடுத்தபின், காற்றெடுக்காத, காற்றெடுப்பு என்று சொல் எந்தப் பக்கமும் இடறாமல் வளைகிறது. திருகின் பெயரையும் கவனித்திருப்பீர்கள். பணிமனையில் அதை நிப்பிள் என்கிறார்கள். ‘காற்றெடு திருகு’ என்று வினைத்தொகையாக வைத்தால் வல்லெழுத்து மிகாமல் சுருக்கமாக நிற்கும். ‘காற்றெடுப்புத் திருகு’ நீளமானாலும் முதல் வாசிப்பிலேயே விளங்கும். நான் இரண்டாவதை ஆண்டிருக்கிறேன், ஆனால் உறுதியாக இல்லை. இந்தத் திருகு எப்போதும் கேலிப்பரின் (சக்கரத்தோடு சுழலும் தட்டை பிரேக் கட்டைகளால் இறுக்கிப் பிடிக்கும் உறுப்பின்) மேற்பகுதியில் இருக்க வேண்டும். இடவலம் மாற்றிப் பூட்டிவிட்டால் அது கீழே போய்விடும், மேலே தேங்கிய காற்று எத்தனை முறை மிதித்தாலும் வராது. பெயரிலேயே காற்று இருந்தால், காற்று மேலேதானே இருக்கும் என்று பூட்டுகிறவருக்கு ஓர் ஐயம் எழக்கூடும் என்பது என் ஆசை.

உதவியாளருக்குச் சொல்லும் ஆணைச்சொற்களும் மீதம் உள்ளன. நாங்கள் “அழுத்து, பிடி, விடு” என்று வைத்துக்கொண்டோம். ‘விடு’ என்றதும் மைத்துனர் ஒருமுறை திருகு திறந்திருக்கும்போதே காலை எடுத்துவிட்டார். அந்த ‘விடு’, என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியதைப் பார்த்து எனக்கு நானே சொல்லிக்கொண்டது. ‘விடு’ என்பதற்குப் பதிலாகக் ‘காலெடு’ என்று மாற்றலாமா, அல்லது ‘எடு’ இரண்டு இடத்தில் வந்து அதுவும் குழப்புமா என்பதைப் பற்றியும், திருகின் பெயரைப் பற்றியும் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
கையேட்டு வரைவாளன்