இலந்தையில் பச்சைப் புழு, திண்ணையில் பெரிய விட்டில்: இரண்டும் ஒன்றா?

மலையடிவாரம்: ஏற்காடு அடிவாரத்தில், காட்டை ஒட்டிய எங்கள் வேலியோர இலந்தையில் ஆவணி மாதம் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு இருந்தது. கிளையை ஆட்டினால் முன்பாதியைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும், பக்கவாட்டில் ரசம் பூசிய மாதிரி இரண்டு மூன்று புள்ளிகள். ஒரு வாரத்தில் ஆளைக் காணோம். நேற்று ராத்திரி திண்ணை விளக்குக்கு ஒரு விட்டில் வந்தது, விரித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, செம்பழுப்பு நிறம், நாலு இறக்கையிலும் வட்டக் கண், அந்தக் கண் வழியாகப் பின்னால் சுவர் தெரிகிறது! அட்லஸ் என்கிற பெரிய விட்டில்தான் என்று பையன் அடித்துச் சொல்கிறான். சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன், தொடவே இல்லை.

இலைக்கடி: அட்லஸ் இல்லை. அதற்கு இறக்கையில் கண்ணாடி மாதிரி தெரியும் இடம் முக்கோணமாக இருக்கும், முன்னிறக்கை நுனி பாம்புத் தலை மாதிரி வளையும், புழுவும் மாவு தூவியது போல வெளுத்திருக்கும். வட்டக் கண், அதைச் சுற்றி வளையம் என்றால் டஸ்ஸர் பட்டு விட்டில், ஆந்தீரியா பாஃபியா. மைலிட்டா என்றும் எழுதுவார்கள், அந்தப் பெயர்ச் சண்டைக்குள் போகவேண்டாம். புழுவும் அதேதான், வெள்ளிப் புள்ளி போதும். இலந்தை, மருது எல்லாம் தின்னும். விட்டிலுக்கு வாய் வேலை செய்யாது, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஒரு வாரம் போல ஓட்டும். தண்ணீரை எடுத்துவிடுங்கள், எறும்புதான் வரும்.

கருமருது: இலந்தையில் கூட்டைத் தேடினீர்களா? அட்லஸ் இலையைச் சுருட்டி உள்ளே கட்டும். டஸ்ஸர் கூடு காம்போடு தொங்கும்.

மலையடிவாரம்: இருக்கிறது! புறா முட்டை அளவு, சாம்பல் நிறம், கல் மாதிரி கெட்டி. கறுப்புக் காம்பு கிளையை மோதிரம் போலச் சுற்றிப் பிடித்திருக்கிறது. ஆனால் ஓட்டை எதுவும் இல்லை, கையில் கனக்கிறது.

கருமருது: அப்போ திண்ணைக்கு வந்தது வேறு ஆள். உங்கள் புழு இன்னும் உள்ளேதான் தூங்குகிறது, அடுத்த மழை வரைக்கும்கூடத் தூங்கும். வெட்டி எடுக்காதீர்கள், வெளியே வரும்போது அதுவே ஒரு திரவம் விட்டு மேல் முனையை இளக்கிக்கொள்ளும். நேற்று வந்ததின் உணர்கொம்பு எப்படி, அகலமாகச் சீப்பு மாதிரியா?

மலையடிவாரம்: ஆமாம், நல்ல அகலம்.

இலைக்கடி: ஆண். பெட்டை வாடை தேடி அலைந்திருக்கும், விளக்கை அணைத்துவிடுங்கள், போய்விடும்.

மலையடிவாரம்: அணைத்தேன், பத்து நிமிடத்தில் போய்விட்டது. பையன் இன்னும் அட்லஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.